மிச்ச ஈரலின் சாட்சியம்

"கட்டியை எடுத்தாச்சு. இனிமே வராதுல்ல சார்?"

கல்லீரல் அறுவை முடிந்து ஊர் திரும்பும் நாளில், மருத்துவர் எழுந்து போவதற்குள் குடும்பத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர் கூடலூர்க்காரராக இருக்கலாம், சின்னமனூர்க்காரராக இருக்கலாம். அறுவை மதுரையில் நடந்திருக்கலாம், வேலூரிலோ சென்னையிலோ நடந்திருக்கலாம். வயிற்று வலி என்று எடுத்த ஸ்கேனில் 'லிவர்ல ஏதோ இருக்கு' என்று தொடங்கிய அலைச்சல், காப்பீட்டு அட்டையும் நகைக்கடனுமாக ஓடி, தையல் பிரித்த அன்றைக்கு இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது.

நேர்மையான மருத்துவர் உடனே தலையாட்ட மாட்டார். ஹெபடோசெல்லுலர் கார்சினோமா எனப்படும் கல்லீரல் புற்றுநோயில் கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பிறகும், ஐந்து ஆண்டுக்குள் 70 சதவீதம் பேருக்கு வரை மீண்டும் கட்டி வருகிறது. பெரும்பாலும் அதே ஈரலில். 2022ஆம் ஆண்டில் உலகில் புதிதாக 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் 7.58 லட்சம். வந்தவர் கணக்கும் போனவர் கணக்கும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் சிலவே. அறுவை செய்யும் நிலையில் கண்டுபிடிக்கப்படுவதே நம் ஊரில் அதிர்ஷ்டம். பலருக்கு வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்த பிறகுதான் தெரியவருகிறது.

அப்படி அதிர்ஷ்டம் வாய்த்தவர்களில் யாருக்குத் திரும்ப வரும், யாருக்கு வராது? கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மரபணு ஆய்வாளர்கள் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் தேடிப் போன இடம் கட்டி. நம்பத்தகுந்த பதில் கிடைத்ததோ, வெட்டாமல் உடலில் விட்டுவைத்த ஈரலில்.

ஒரே அளவுக் கட்டி, இரண்டு விதி

இன்று அறுவை மருத்துவர் கையில் இருக்கும் துப்புகள் கொஞ்சம்தான். கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை கட்டிகள், ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதம் எவ்வளவு, நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுசெல்கள் சிறு ரத்தக்குழாய்களுக்குள் நுழைந்திருக்கின்றனவா, ஈரலுக்கு வேலை செய்யும் தெம்பு மிச்சமிருக்கிறதா. இவை பயனற்றவை என்று சொல்ல முடியாது. 1996இல் மிலான் நகரத்தின் வின்சென்ஸோ மட்ஸாஃபெரோ, 5 சென்டிமீட்டருக்கு மிகாத ஒரு கட்டி அல்லது 3 சென்டிமீட்டருக்கு மிகாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களுக்கு ஈரல் மாற்று நல்ல பலன் தரும் என்று ஒரு எல்லை வகுத்தார். அந்த மிலான் அளவுகோலை இன்றும் எல்லா ஈரல் மருத்துவர்களும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அளவுகோல் சொல்லாதது நிறைய. இருவருக்கும் 4 சென்டிமீட்டர் கட்டி, இருவருக்கும் சுத்தமான விளிம்போடு எடுத்தாயிற்று. ஒருவர் பேரன் கல்யாணம் பார்க்கிறார். இன்னொருவருக்கு மறு வருடமே ஸ்கேனில் மூன்று புள்ளிகள். இந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது?

மடை திறந்திருக்கிறதா?

மரபணு என்றதும் நம் பக்கத்தில் சிலருக்கு உசிலம்பட்டி நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எடுத்த ரத்த மாதிரியில் எம்130 என்ற மரபணு அடையாளத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பன் கண்டார். ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி, கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது என்று ஸ்பென்சர் வெல்ஸ் ஆவணப்படம் எடுத்து உலகுக்கே சொன்னார். அப்பனிடமிருந்து மகனுக்கு, எழுத்து மாறாமல் இறங்கி வரும் அடையாளம் அது. பிறந்த அன்றைக்கு என்னவோ, சாகும் அன்றைக்கும் அதுதான்.

இங்கே பேசப்போவது வேறு சங்கதி. மரபணுவின் எழுத்தைப் பற்றியல்ல, அது வேலை செய்கிறதா இல்லையா என்பதைப் பற்றி. பெரியாறு அணையிலிருந்து லோயர் கேம்ப் வழியாக முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்குப் பாசனம். கால்வாய் பொது, தண்ணீர் பொது. எந்த வயலின் மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் அந்தந்த வயலின் கதை இருக்கிறது. நம் உடலின் செல்களும் அப்படித்தான். ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் கண் செல்லிலும் இருக்கின்றன, ஈரல் செல்லிலும் இருக்கின்றன. எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பதே ஒன்றைக் கண்ணாகவும் மற்றதை ஈரலாகவும் ஆக்குகிறது. திறந்த மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல்கள் வெளியே வருகின்றன. அந்த நகல்களை எண்ணினால் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். சாராயம், வைரஸ், சர்க்கரை, பட்டினி, மருந்து எல்லாமே இந்தக் கணக்கை மாற்றும். எம்130 போன்ற அடையாளம் முப்பாட்டன் எந்த வழியாக வந்தான் என்று சொல்லும். மரபணுச் செயல்பாடு இன்றைக்கு இந்த ஈரல் என்ன பாடுபடுகிறது என்று சொல்லும்.

ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நகல்களை ஒரே நேரத்தில் எண்ணும் சில்லுகள் 1990களின் கடைசியில் வந்தன. அமெரிக்காவின் டாட் கோலப் குழு 1999இல் இரண்டு வகை ரத்தப் புற்றுநோயை மரபணுச் செயல்பாட்டை வைத்தே பிரித்துக் காட்டியது. பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் கட்டியை எடுத்துக்கொண்டு சில்லு முன்னால் வரிசையில் நின்றார்கள் என்றே சொல்லலாம்.

ஈரலில் முதலில் பேசப்பட்டவற்றில் ஒன்று ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழக ஆய்வு. நோரியோ இயிசுகா குழுவினர் 2003இல் அறுவை செய்துகொண்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். 33 பேரின் கட்டிகளில் பாடம் கற்று, 12 மரபணுக்களைத் தேர்ந்து, மீதி 27 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டுக்குள் கட்டி திரும்புமா என்பதை 25 பேருக்குச் சரியாகச் சொல்ல முடிந்தது. லான்செட் இதழில் வந்த அந்த முடிவைப் படித்தவர்கள் இன்னும் சில ஆண்டில் இது மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

வரவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்னோரி தோர்கெய்ர்சன் குழு 91 கட்டிகளைப் படித்து நானூறுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் பட்டியல் ஒன்றைத் தந்தது. 2013இல் பிரான்சின் ஜெசிக்கா ஸுக்மன்-ரோஸி குழு 314 நோயாளிகளை வைத்து ஐந்தே மரபணுக்கள் போதும் என்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல ஆய்வு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டியல்கள் ஒன்றோடு ஒன்று அதிகம் ஒட்டுவதில்லை. காரணம் விளங்காததல்ல. நோயாளிகள் சில பத்து, மரபணுக்கள் பல ஆயிரம் என்றால், தற்செயலாகப் பொருந்தும் மரபணுக்கள் எப்போதும் கிடைக்கும். போதாததற்கு ஓரிடத்தில் கட்டிக்குக் காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ், இன்னோரிடத்தில் சி வைரஸ், வேறோரிடத்தில் குடி. ஒரே கட்டிக்குள்ளேயே இந்த முனையும் அந்த முனையும் வேறு வேறு குணம் காட்டுகின்றன. இப்படிப்பட்ட ஒன்றிடம் ஒற்றை வாக்குமூலம் கேட்டால் எப்படி?

டோக்கியோவின் மெழுகுக் கட்டிகள்

இன்னொரு சிக்கல் இருந்தது. என் கணிப்பில் நம் போன்ற ஊர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துபோகும். அறுவை அரங்கிலேயே திசுவை உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் வருடக்கணக்கில் பாதுகாத்தால்தான் சில்லு படிக்கும் என்ற நிலை. கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், அதற்கு ஓர் ஆள் என்று வசதியுள்ள ஆராய்ச்சி நிலையங்களுக்கே அது கட்டுப்படியாகும். மற்ற எல்லா மருத்துவமனைகளிலும் வெட்டிய திசுவுக்கு நடப்பது ஒன்றுதான்: ஃபார்மலினில் ஊறப்போட்டு, மெழுகில் பதித்து, சிறு கட்டியாக்கி, எண் எழுதி அலமாரியில் வைப்பார்கள். பயாப்சி பார்க்க அது போதும். ஆனால் ஃபார்மலின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது.

அந்தத் துண்டுகளையே படிக்க முடியும் என்று காட்டிய ஆய்வு 2008 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. முதல் ஆசிரியர் யூஜின் ஹோஷிடா, குழுவை நடத்தியவர் அதே டாட் கோலப், இடம் அமெரிக்காவின் பிராட் நிறுவனம். 307 நோயாளிகளின் மெழுகுக் கட்டிகள். சில 24 ஆண்டுகளுக்கும் மேல் அலமாரியில் கிடந்தவை. சுமார் 6,000 மரபணுக்களின் உடைந்த நகல்களை எண்ணும் முறையைக் கையாண்டார்கள். பத்தில் ஒன்பது மாதிரிகள் படிக்கக் கிடைத்தன.

முதலில் டோக்கியோவின் தொரானோமோன் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட 82 பேர். வழக்கம்போல் கட்டியைப் படித்தார்கள். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதோடு ஒப்பிட்டார்கள். தொடர்பே இல்லை. இந்த இடத்தில் பலர் கோப்பை மூடியிருப்பார்கள். இவர்கள் அதே மெழுகுக் கட்டிகளில் புற்றுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சாதாரண ஈரல் திசுவைப் படித்தார்கள். 186 மரபணுக்களின் செயல்பாடு நோயாளிகளைத் தெளிவாக இரண்டாகப் பிரித்தது: நீண்ட நாள் வாழ்ந்தவர்கள், வாழாதவர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வந்த வேறு 225 பேரிடமும் அது நின்றது.

வெட்டிப் போட்ட கட்டி வாய் திறக்கவில்லை. உள்ளே விட்டுவைத்ததன் ஒரு விளிம்பு பேசியது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, புற்றில்லாத ஈரல் திசுவின் 17 நோயெதிர்ப்பு மரபணுக்கள் நோய் பரவுவதைக் காட்டிக்கொடுக்கின்றன என்று அமெரிக்காவில் ஷின் வெய் வாங் குழு சொல்லியிருந்தது. ஆக இது ஒரு ஆய்வுக்கூடத்தின் தனிக் கனவு அல்ல.

ஏன் இப்படி என்பது யோசித்தால் புரியும். அறுவைக்குப் பின் கட்டி திரும்புவதில் இரண்டு வகை உண்டு. முதல் இரண்டு ஆண்டுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டியின் வாரிசு. கத்தி படுவதற்கு முன்பே ரத்தக்குழாய் வழியே தப்பியோடி ஒளிந்திருந்த செல்கள். இதைக் கணிக்கக் கட்டியின் குணம் உதவும். இயிசுகா குழு பிடித்தது இந்த வகையைத்தான். இரண்டு ஆண்டுக்குப் பிறகு வருவது பல நேரம் வேறு கட்டி. பழையதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வருடக்கணக்கில் புண்பட்டு, ஆறி, தழும்பேறிச் சுருங்கிய ஈரல் தானே இன்னொன்றை உண்டாக்குகிறது. டோக்கியோ நோயாளிகள் ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு, நீண்ட நாள் கண்காணிக்கப்பட்டவர்கள். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மோசமான கூட்டத்தின் ஈரலில் மும்முரமாக இருந்த மரபணுக்களைப் பாருங்கள்: இன்டர்ஃபெரான், டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 ஆகியவற்றின் வழியே நடக்கும் அழற்சி வேலைகள். நெருப்பு அணையாத ஈரல்.

2013இல் ஹோஷிடா இதை இன்னும் ஒரு படி முன்னால் கொண்டுபோனார். சி வைரஸால் ஈரல் சுருக்கத்தின் தொடக்க நிலையில் இருந்த, புற்றுநோயே வராத 216 இத்தாலியர்கள். ஊசியால் எடுத்த சிறு திசு. சுமார் 10 ஆண்டுக் கண்காணிப்பு. அதே 186 மரபணுக்கள் யாருக்கு ஈரல் கெடும், யாருக்குப் புற்று வரும், யார் இறப்பார் என்பதைப் பிரித்துக் காட்டின.

பள்ளத்தாக்கின் ஈரலைப் புண்ணாக்குபவை

தேனியில் இந்த மரபணுச் சோதனை எங்கும் நடப்பதில்லை. அதனால் இது நமக்கு எட்டாத கதை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டியதில்லை. மிச்ச ஈரல்தான் விதியைச் சொல்கிறது என்றால், அந்த ஈரலை இங்கே எது கெடுக்கிறது என்ற கேள்விக்குச் சில்லு தேவையில்லை.

முதல் பெயர் ஹெபடைடிஸ் பி. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் 2.98 கோடிப் பேர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். சி வைரஸைச் சுமப்பவர்கள் 55 லட்சம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. பெரும்பாலோருக்கு அது உடலில் இருப்பதே தெரியாது. பி வைரஸ் தடுப்பூசி இந்தியாவில் 2002 வாக்கில் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான அட்டவணைக்கு வந்தது. விடியற்காலையில் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் பெண்களில், திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டும் ஆண்களில், பிறந்தபோது இந்த ஊசி போட்டுக்கொண்டவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். தைவான் 1984லேயே தொடங்கியது. பத்தாண்டுக்குள் அங்கே 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் ஈரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஈரல் என்றதும் நம் ஆட்கள் முதலில் கைநீட்டுவது வரப்போரக் கீழாநெல்லிக்கு. இதைக் கிண்டல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; கீழாநெல்லியை உலக மருத்துவம் ஒருமுறை மரியாதையாகவே விசாரித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கையே சேர்த்துக்கொண்டு நடத்திய ஆய்வு 1988இல் லான்செட்டில் வந்தது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள்; அந்தப் பலன் கிடைக்கவில்லை. விசாரணை அங்கே நிற்கிறது.

அப்படியென்றால் கீழாநெல்லி குடித்து மஞ்சள்காமாலை போனவர்கள்? ஊரில் வரும் காமாலையில் பெரும்பங்கு தண்ணீர் வழி வரும் ஏ, ஈ வைரஸ்களால். அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே போய்விடும். பேர் மூலிகைக்குப் போகிறது. உடலில் நாள்பட்டுத் தங்கிவிட்ட பி வைரஸ் அப்படிப் போகாது. காமாலை தெளிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ரத்தம் பார்க்காமல் விட்டவர்களில் சிலர்தான் இருபது, முப்பது ஆண்டு கழித்துக் கட்டியோடு வருகிறார்கள்.

இரண்டாவது பெயர் டாஸ்மாக். விளக்க அவசியமில்லை.

மூன்றாவது, இன்னும் யாரும் பயப்படத் தொடங்காத ஒன்று: கொழுப்பு ஈரல். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 14.4 சதவீதம். சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்த இடத்தில் ஈரலில் கொழுப்பு சேர்கிறது. சிலருக்கு அது புண்ணாகி, தழும்பாகி, சுருக்கமாகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று போட்டிருந்தால், 'எல்லாருக்கும் இருக்கிறதுதான்' என்று மடித்து வைத்துவிடுகிறோம். குடிக்காதவருக்கும் ஈரல் புற்று வரும் என்பது பள்ளத்தாக்கில் இன்னும் ஆச்சரியச் செய்தி. குடிக்காத நோயாளியைப் பார்த்து 'மறைவாக் குடிச்சிருப்பாரோ' என்று உறவினர் பேசுவது, நோயைவிடக் கொடுமை.

தெரிந்து என்ன செய்ய?

சரி, 186 மரபணுக்கள் இவ்வளவு சொன்னால் ஏன் பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் மருத்துவமனையில் இந்தச் சோதனை இல்லை? மார்பகப் புற்றுநோயில் 21 மரபணுச் சோதனை, 70 மரபணுச் சோதனை எல்லாம் சந்தைக்கு வந்து எத்தனையோ ஆண்டாயிற்றே?

மார்பகப் புற்றில் அந்தச் சோதனையின் விடையில் ஒரு முடிவு தொங்குகிறது: கீமோ கொடுக்கலாமா, வேண்டாமா. குறைந்த மதிப்பெண் வந்த பெண்ணுக்குக் கீமோ மிச்சம். ஈரலில் அப்படி ஒரு முடிவு இல்லாமல் இருந்தது. அறுவைக்குப் பின் சொராஃபெனிப் மாத்திரை கொடுத்தால் கட்டி திரும்புவது குறையுமா என்று 1,114 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் தோல்வியில் முடிந்தது. அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2023இல் நம்பிக்கை தந்தது. இன்னும் கொஞ்ச காலம் கண்காணித்தபோது அந்தப் பலன் கரைந்துவிட்டது. உனக்குத் திரும்ப வரும் என்று சொல்லிவிட்டு, அதற்கு மருந்தில்லை என்றும் சொல்வது யாருக்கு உபகாரம்? இப்போதைக்கு எந்த நாட்டின் சிகிச்சை வழிகாட்டியும் ஈரல் அறுவைக்குப் பின் மரபணுச் செயல்பாட்டுச் சோதனையை வழக்கமாக்கவில்லை. நம் ஊரில் யாராவது பெரிய தொகை வாங்கிக்கொண்டு இப்படியொரு சோதனை செய்யச் சொன்னால், விடை எதுவானாலும் சிகிச்சையில் என்ன மாறும் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சோதனையின் விடையில் சிகிச்சை தொங்கக்கூடும் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2009இல் வந்தது, அறுவை செய்துகொண்ட 455 பேரைப் பற்றியது. மிர்-26 என்ற சின்ன ஆர்.என்.ஏ. கட்டியில் குறைவாக இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். ஆனால் அவர்களில் இன்டர்ஃபெரான் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது நன்றாக வேலை செய்தது. மிர்-26 அதிகம் இருந்தவர்களுக்கு அந்தச் சிகிச்சையால் பலன் இல்லை. கெட்ட செய்தி ஒரு வழியையும் சேர்த்தே காட்டிய அபூர்வம்.

மிச்ச ஈரலைப் பொறுத்தவரை வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. தைவானில் பி வைரஸால் புற்று வந்து அறுவை செய்துகொண்ட 4,569 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஜாமா இதழில் எழுதினார்கள். அறுவைக்குப் பின் வைரஸை அடக்கும் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆறு ஆண்டில் கட்டி திரும்பியது 45.6 சதவீதம்; எடுக்காதவர்களுக்கு 54.6. இறப்பு 29 சதவீதம், எடுக்காதவர்களில் 42.4. குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வல்ல, பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்குதான். ஆனால் பிற்பாடு வந்தவையும் அதே திசையில்தான் நிற்கின்றன. கட்டியின் மேல் அந்த மாத்திரை கை வைப்பதில்லை. ஈரலின் நெருப்பைத் தணிக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மாத்திரைகள், டெனோஃபோவிரும் என்டெகாவிரும், 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். லட்சங்களில் அறுவைக்குக் காப்பீடு தேடும் குடும்பம், தினம் ஒரு மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவது நடக்கிறது. 'கட்டியைத்தான் எடுத்தாச்சே' என்ற நினைப்புதான் அதற்குக் காரணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் பார்க்கச் சொன்னால் இரண்டாவது வருடத்தோடு நின்றுவிடுவதும் அதனால்தான். இரண்டாவது வருடத்துக்குப் பிறகு வருவதுதான் ஈரல் புதிதாக உண்டாக்கும் கட்டி என்று மேலே பார்த்தோம். கம்பத்திலிருந்து மதுரை போய்வர ஒரு நாள் கூலி போகும், கூட வருபவரின் கூலியும் போகும். அந்தக் கணக்கை நான் குறை சொல்லத் தயாரில்லை. ஆனால் வயிற்று ஸ்கேன் தேனியிலேயே எடுக்கலாம். மதுரைக்கு அனுப்ப வேண்டியது ரிப்போர்ட் மட்டும்தான்.

அலமாரியில் கிடப்பவை

மேலே சொன்ன ஆய்வுகளில் ஜப்பானியர் இருக்கிறார்கள், சீனர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் இருக்கிறார்கள். பி வைரஸும் குடியும் சர்க்கரையும் ஒரே உடலில் கூடியிருக்கும் தமிழ்நாட்டு ஈரல் இல்லை. டோக்கியோவின் 186 மரபணுக்கள் உத்தமபாளையத்து ஈரலுக்கும் பொருந்துமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தில் இந்தியா எடுத்துக்கொண்டது வாய்ப்புற்று. புகையிலை மெல்லும் நாட்டுக்கு நியாயமான தேர்வு. சென்னை ஐஐடி 2025இல் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம் மார்பகப் புற்றில் தொடங்கியிருக்கிறது. அங்கேயே தேசியப் புற்றுநோய்த் திசு வங்கியும் இருக்கிறது. ஈரலின் முறை எப்போது?

வந்தால், வேலைக்கான கச்சாப்பொருள் புதிதாகச் சேகரிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளின் நோய்க்குறியியல் துறை அலமாரிகளில் ஈரல் அறுவைகளின் மெழுகுக் கட்டிகள் இருக்கின்றன. அவற்றில் எவருடையது எது, அவர் இன்று இருக்கிறாரா இல்லையா என்பதை நோயாளிப் பதிவேட்டோடு பொருத்துவதுதான் கடினமான பாதி. விலாசம் மாறிய, போன் நம்பர் மாறிய, இடையில் வருவதை நிறுத்திய நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது சில்லு வாங்குவதைவிடப் பெரிய வேலை. தொரானோமோன் மருத்துவமனை உலகுக்குக் கொடுத்ததே 82 மெழுகுக் கட்டிகளோடு சேர்த்து, அந்த 82 பேருக்கும் பிறகு என்ன ஆயிற்று என்ற விடாத குறிப்பு.

அதுவரை சில்லு இல்லாமலே ஒன்று செய்யலாம். அறுவைக்குப் பின் வரும் பயாப்சி ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, விளிம்பு, ரத்தக்குழாய் எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். எல்லோரும் அதைத்தான் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கடைசியில், பெரும்பாலும் யாரும் கேட்காத ஒன்றிரண்டு வரிகள் கட்டியைச் சுற்றியிருந்த ஈரலைப் பற்றி எழுதியிருக்கும்: சுருக்கம் இருக்கிறதா, தழும்பு எந்த நிலை, அழற்சி எவ்வளவு, கொழுப்பு எத்தனை சதவீதம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த வரிகளில் விரலை வைத்துக் கேளுங்கள்: பி, சி வைரஸ் இரண்டும் பார்த்தாயிற்றா, மாத்திரை எத்தனை வருடத்துக்கு, ஸ்கேன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. ரிப்போர்ட்டில் அந்த வரிகளே இல்லையென்றால், மெழுகுக் கட்டி இன்னும் அங்கேதான் இருக்கும். சுற்றியுள்ள ஈரலையும் பார்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.